அதட்டலா, ஆயா வழியா?

பிள்ளை தப்பு செய்தால் நம் வீடுகளில் இரண்டு வழி உண்டு. ஒன்று, உடனே அதட்டி முதுகில் ஒன்று வைப்பது. இன்னொன்று, குடியாத்தத்தில் எங்கள் ஆயா கொள்ளுப்பேரன்களிடம் நடந்துகொள்வது.

அதட்டலில் வேலை சீக்கிரம் முடியும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாளெல்லாம் உழைத்துவிட்டு பஸ்ஸில் வந்திறங்கும் அம்மாவுக்குப் பொறுமை எங்கே மிஞ்சும்? அது எனக்குப் புரிகிறது. ஆனால் அடி வாங்கிய பிள்ளை, அடுத்த முறை மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் கற்றுக்கொள்கிறது.

ஆயா வழிக்கு நேரம் பிடிக்கும். போன கோடையில் தம்பி மகன் கேழ்வரகு மாவு டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, "பூனை தள்ளிடுச்சு" என்றான். ஆயா குரலை உயர்த்தவில்லை. "சரி கண்ணு, நீ முறத்தைப் பிடி, நான் கூட்டுறேன்" என்றார். பாதி மாவு அள்ளுவதற்குள் அவனே, "ஆயா, நான்தான் கொட்டினேன்" என்றான். "தெரியும்டா. நீயே சொன்னியே, அது போதும்." அன்று களிக்கு மாவு அளந்து போட்டதும் அவன்தான்.

"அடியாத மாடு படியாது" என்பார்கள். அது மாட்டுக்குச் சொன்னது. பள்ளிக்கூடத்தில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009 கல்வி உரிமைச் சட்டமே தடை செய்திருக்கிறது. வீட்டில் மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

பிள்ளை ரோட்டில் ஓடினால் கத்தத்தான் வேண்டும். ஆயாவும் கத்துவார். அப்புறம் கையைப் பிடித்து உட்காரவைத்து, ஏன் கத்தினேன் என்று சொல்லுவார். அதற்கு ஒரு நிமிஷம் போதும், வேலைக்குப் போய்வரும் அம்மாவாலும் முடியும்.