ஜெயில்ல டிபி டெஸ்ட், வெளிய வந்தப்புறம் டிபி சென்டர் - என் ரிவ்யூ

மும்பைல ஒரு ஜெயில்ல விசாரணைக் கைதியா இருந்த என் தம்பிக்கு உள்ளயே டிபி கண்டுபிடிச்சாங்க, தாராவி ஜனங்க தெரிஞ்சுக்கணும்னு எழுதுறேன். இருமல் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கா, எடை குறைஞ்சிருக்கான்னு கேட்டு சளி எடுத்துருக்காங்க, சீபிநாட் மெஷின்ல சுமார் ரெண்டு மணி நேரத்துல டிபியும் தெரியும் டிபிக்கு குடுக்குற முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேக்குமான்னும் தெரிஞ்சிடும், இது ரொம்ப பெரிய விஷயம். எச்ஐவி டெஸ்ட்டும் எடுத்தாங்க. மருந்து ஃப்ரீ.

ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் தனியா வெக்காம அதே பேரக்ல விட்டாங்க பாருங்க, அதான் தாங்கல. காத்தே வராத ரூம்ல ஒட்டி ஒட்டி படுத்திருக்காங்க, ஒருத்தன் இருமினா காத்துல பரவுற நோய் மத்தவங்கள விடுமா? மாஸ்க்காச்சும் குடுத்திருக்கலாம்.

பெயில்ல வர்றப்போ ரெஃபரல் சீட்டும் கைல மாத்திரையும் கேட்டு வாங்கிடுங்க, 6 மாச கோர்ஸ் நடுவுல நின்னா மருந்துக்கு அடங்காத டிபியா மாறலாம். நம்ம ஏரியா சென்டர் அக்கா நிக்ஷய் ஐடி (டிபி பேஷண்ட்டுக்கு கவர்மெண்ட் குடுக்குற பதிவு நம்பர்) பாத்து விட்ட எடத்துலேருந்தே மாத்திரை குடுத்தாங்க, அம்மாவையும் கொழந்தைங்களையும் கூப்ட்டு செக் பண்ணாங்க, மாசம் 1000 ரூபா சத்துணவு காசுக்கும் பதிஞ்சாங்க. அவங்களுக்கு 5 ஸ்டார், ஜெயிலுக்கு 2.