ஹூவா, ஹூமா: இரண்டு குறுக்குவழிகளும் நான் எடுத்ததும்

அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் அவள் நோட்டில் 'தி புக் தட் ஐ பாட் இட்' என்று எழுதியிருந்தாள். ஹூ, ஹூம், விச், தட் என்று ஒரு பெயரை அதைப் பற்றிய விவரத்தோடு இணைக்கும் சொற்களில், அதாவது ரிலேட்டிவ் ப்ரோநவுனில், எது எழுவாய், எது செயப்படுபொருள் என்று அவளுக்கு எந்த வழியில் சொல்லித்தருவது?

ஒன்று, நாம் எல்லாரும் படித்த ஹீ–ஹிம் வழி. ஹீ பொருந்தினால் ஹூ, ஹிம் பொருந்தினால் ஹூம். நினைவில் வைக்கச் சுலபம், அவ்வளவுதான். விச், தட் இரண்டும் எந்த இடத்திலும் உருமாறாதவை. அங்கே இது உதவாது. பேச்சில் ஹூம் அபூர்வம், 'டு ஹூம்' போல முன்னிடைச்சொல்லை அடுத்து வந்தால்தான் கட்டாயம்.

மற்றது, அடுத்த சொல்லைப் பார்ப்பது. வினை வந்தால் எழுவாய். வேறு ஆளோ பொருளோ வந்தால் செயப்படுபொருள். 'தி டாக் தட் பிட் தி பாய்' என்றால் பையனைக் கடித்த நாய். 'தி பாய் தட் தி டாக் பிட்' என்றால் நாய் கடித்த பையன். தமிழில் 'கடித்த' மாறுவதில்லை, அதற்கு முன்னால் வருவதுதான் காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலத்தில் பின்னால் வருவது.

நான் இதை எடுத்ததற்குக் காரணம், எந்தச் சொல்லை விடலாம் என்பதையும் இதுவே சொல்லிவிடும். செயப்படுபொருள் என்றால் விடலாம்: 'தி புக் ஐ பாட்' போதும். (முன்னால் கமா இருந்தால் விடக்கூடாது.) எழுவாய் என்றால் கை வைக்க முடியாது. 'தி பஸ் தட் கோஸ் டு மதுரை இஸ் லேட்' என்பதில் தட்-ஐ எடுத்துப் பாருங்கள். மதுரையோடு வாக்கியம் முடிந்துபோய், 'இஸ் லேட்' அந்தரத்தில் தொங்கும். அந்த 'இட்' தவறும் இங்கேதான் பிடிபட்டது. தட் ஏற்கெனவே செயப்படுபொருளாக உட்கார்ந்திருக்கிறது, இன்னொன்றுக்கு இடமில்லை. "'நான் அதை வாங்கின புத்தகம்'னு சொல்வியா?" என்றேன். "ச்சீ, இல்ல சித்தி" என்று அவளே அடித்துவிட்டாள்.

ஒரே பிள்ளைக்குச் சொல்லித்தந்த அனுபவம்தான் இது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பிலும் எடுபடும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், 'தி மேன் ஹூ ஐ திங்க் இஸ் ஆனஸ்ட்' மாதிரி வாக்கியத்தில் என் வழி சறுக்கும். அடுத்த சொல் 'ஐ', ஆனால் ஹூ அங்கே எழுவாய். 'ஐ திங்க் ஹீ இஸ் ஆனஸ்ட்' என்று ஹீ–ஹிம் வழி சரியாகப் பிடித்துவிடுகிறது. இப்போதைக்கு, 'ஐ திங்க்' வந்தால் அதை விரலால் மறைத்துக்கொண்டு படி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.