புளித்த வைனைப் பிராந்தியாக்கலாம் என்ற விளம்பரம் பார்த்தால் நம்பாதீர்கள்

38,500 ரூபாய். கொஞ்ச நாள் முன்பு வரை என் கணக்கில் இருந்த காசு. தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன். ஏமாறாமல் இருக்க ஐந்து விஷயங்களைக் கடைசியில் சொல்கிறேன்.

அம்மா கிறிஸ்மஸுக்கென்று பேரிக்காய் வைன் போட்டிருந்தார், இருபது லீட்டர். ஹட்டன் குளிரில் நொதிப்பதே மெதுவாகத்தான். அதற்குள் ஜாடி வாயில் கட்டிய சீலை நெகிழ்ந்து காற்றுப் போய்விட்டது. திறந்தால் வினாகிரி வாடை. கொட்ட மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து போனில் விளம்பரம்: வடிக்கிற செம்புப் பானை, கூடவே புளிப்பை எடுக்கும் பவுடர். ஒன்லைனில் சாமான் விற்கும் ஒரு பக்கம், அவ்வளவுதான் சொல்வேன். விசாரித்தால் ஒருவன் வொய்ஸ் அனுப்பினான். "அண்ணே, நானும் பொகவந்தலாவைதான். அம்மா கையால போட்டத வீசலாமா?" அந்த "நானும் பொகவந்தலாவைதான்" இருக்கிறதே, அதில்தான் விழுந்தேன். சாமான் வந்ததும் காசு தருகிறேன் என்றதற்கு, "செம்பு சாமான் அண்ணே, கூரியர்காரன் பொறுப்பெடுக்க மாட்டான்" என்றான். லைசன் வேண்டாமா என்றும் கேட்டேன். வீட்டுக்கென்றால் தேவையில்லையாம். பானைக்கு 34,000, பவுடருக்கு 4,500, பேங்கில் போட்டுவிட்டேன்.

பவுடரைக் கலந்து ஒரே ஒரு தடவை அடுப்பில் வைத்தேன். குழாயிலிருந்து சொட்டியது லேசான பச்சை. மூக்கருகே கொண்டுபோனால் நெயில் பொலிஷ் வாசம். வாயில் வைக்கவில்லை, நல்லவேளை. டவுனில் தகர வேலை செய்யும் பெரியவரிடம் பானையைக் காட்டினேன். நகத்தால் சுரண்டிப் பார்த்து, "குழாய் மட்டுந்தான் தம்பி செம்பு. பானை தகரம், மூட்டெல்லாம் ஈயப்பற்று" என்றார். புளிப்பு பட்டால் ஈயம் கரையும், அது விஷம். அதைத்தான் கிறிஸ்மஸுக்கு ஊற்றிக் கொடுத்திருப்பேன்.

மச்சான் இரசாயனவியல் வாத்தியார். அவர் சிரித்தே விட்டார். வினாகிரியாகிப்போன சாராயம் எந்தப் பவுடருக்கும் திரும்பி வராதாம். அந்த நெயில் பொலிஷ் வாசத்துக்குக் காரணமான எதைல் அசிடேட் 77 பாகையில் கொதிக்கும், சாராயம் 78இல். இந்த மாதிரிப் பானையில் இரண்டும் சேர்ந்துதான் வருமாம்.

விற்றவனுக்கு எடுத்தேன். "சூட்டைக் கூட்டிட்டீங்க அண்ணே." அடுத்த நாள், "இன்னும் ரெண்டு பக்கெட் பவுடர் போடணும், 9,000." அப்புறம் மேனேஜர் கொழும்புக்குப் போய்விட்டார். பொலிசுக்குப் போவேன் என்றதும் குரல் மாறியது. "போங்களேன். சாமான் இருக்கிறது உங்க வீட்டிலதானே?" அத்தோடு பிளொக்.

அவன் சொன்னது சரி, அதுதான் வயிற்றெரிச்சல். அனுமதியில்லாமல் வடிப்பது 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம், கருவியை வைத்திருந்தாலும் மாட்டுவோம். எந்த முகத்தோடு போய் முறைப்பாடு கொடுப்பது? இப்படிப்பட்ட சாமானாகப் பார்த்துத்தான் விற்கிறார்கள். 38,500 போனது போனதுதான்.

சரி, சொன்ன ஐந்து விஷயம். முன்காசு போடாதீர்கள். நம்ம ஊர் என்று பாசம் காட்டினால் போனை வையுங்கள். வைன் புளித்தால் வடிக்க நினைக்காதீர்கள். மிச்சம் எழுத இப்போது பொறுமை இல்லை.

பானையைப் பெரியவரே நசுக்கிப் பழைய இரும்போடு போட்டுவிட்டார். இன்று காலையிலும் அதே படத்தோடு விளம்பரம் வந்தது, விலை 36,000 ஆகியிருக்கிறது.