பழைய டீசல் வானுக்கு “பவர் கூட்டித் தருகிறோம்” என்று சொல்லும் கராஜ்களிடம் கவனம்

கொழும்பில் டொல்பின் (டொயோட்டா ஹையேஸ்), லைட்ஏஸ், வனெட் என்று பழைய டீசல் வான் வைத்திருப்பவர்களுக்கான எச்சரிக்கை இது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து வான் மாற்ற வழியில்லாமல் கையில் இருப்பதையே ஓட்டியவர்கள் பலர். அந்த இக்கட்டை வைத்துப் பணம் பறிக்கிறார்கள்.

அப்படி ஏமாந்த ஒரு வான், டொயோட்டாவின் “2எல்” ரக எஞ்சின் போட்ட டொல்பின். 2446 சிசி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இல்லை. ஆள் நிறைந்தால் கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் முறைப்பாடு. கொழும்பில் ஒரு கராஜில் அரை நாளில் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். பில்லில் இரண்டே வரி: “பம்ப் செட்டிங்”, “எயார் டர்போ கிட்”. எந்தப் பார்ட், என்ன நம்பர், எதுவும் இல்லை. ஓட்டிப் பார்த்தபோது இழுவை உண்மையாகவே கூடியிருந்தது. ஏமாறுகிற இடமே அதுதான். ஆறு வாரத்தில் பின்கதவு முழுக்கக் கரி. ரேடியேட்டரில் தண்ணீர் குறையத் தொடங்கியது. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றினால் மூன்றாம் சிலிண்டரில் இன்லெட் வால்வுக்கும் எக்ஸோஸ்ட் வால்வுக்கும் நடுவில் வெடிப்பு.

கராஜில் செய்தது என்னவென்று, எஞ்சினுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்பைப் பார்த்தாலே தெரிந்தது. பின்பக்கம், ஆகக் கூடிய டீசல் அளவைத் தீர்மானிக்கும் ஃபுல் லோட் ஸ்குரூவில் இருக்க வேண்டிய சீல் இல்லை. லொக் நட்டின் விளிம்பில் ஸ்பேனர் வழுக்கிய புதுக் கீறல் பளபளத்தது. அந்த ஸ்குரூவை உள்ளே முடுக்கினால் ஒவ்வொரு முறை தெளிக்கும்போதும் டீசல் கூடும். கூடினால் ஐட்லிங்கும் ஏறும். அதை மறைக்க ஐட்லிங் ஸ்குரூவைத் தளர்த்தி வைப்பார்கள். இந்த வானில் இரண்டையும் செய்திருந்தார்கள். ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் இருந்தால் பத்து நிமிட வேலை.

டர்போ இல்லாத எஞ்சின் இழுக்கிற காற்றுக்கு ஓர் அளவு உண்டு. கம்பனி வைத்த டீசல் அளவே புகை தள்ளும் எல்லைக்குக் கிட்டத்தான் இருக்கும். அதற்கு மேல் கொடுக்கிற டீசலில் கொஞ்சம் இழுவையாக மாறும், மீதி பிந்தி எரிந்து கரும்புகையாகவும் சூடாகவும் வெளியே போகும். அந்தச் சூட்டை முதலில் தாங்குவது ஹெட்டில் இரண்டு வால்வுகளுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய பாலம். 2எல் ஹெட் அந்த இடத்தில் வெடிப்பதற்குப் பேர் போனது. நீண்ட ஏற்றத்தில் அக்சிலரேட்டரை அமத்திப் பிடித்தால் போதும்.

“எயார் டர்போ கிட்” என்பது எயார் கிளீனர் குழாயில் சொருகிய ஒரு 12 வோல்ட் காற்றாடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4000 ஆர்பிஎம்மில் 2446 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4900 லீற்றர் காற்றை இழுக்கும். அவ்வளவு காற்றையும் 0.3 பார் அழுத்தத்துக்குத் தள்ள, இழப்புகளை விட்டுவிட்டால்கூட, 2 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட்டில் அது 160 அம்பியரைத் தாண்டும். கிட்டுக்குப் போட்டிருந்த ஃபியூஸ் 10 அம்பியர். வேகமாக ஓடும்போது அந்தக் காற்றாடி காற்றுப் பாதையை மறிக்கும், வேறொன்றும் செய்யாது. இதே வகையில் “சிப்” என்று ஒரு பெட்டியும் விற்கிறார்கள். கம்பியூட்டர் இல்லாத மெக்கானிக்கல் பம்புக்கு சிப் எதை மாற்றும்? வாங்காதீர்கள்.

இனி உண்மையான வேலை. இழுவை இல்லை என்று வருகிற பழைய வானில், பவரைக் கூட்டுவதற்கு முன் போன பவர் எங்கே போனது என்று தேட வேண்டும். செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு முன் சீட்டைத் தூக்குங்கள். ஒருவர் அக்சிலரேட்டரைத் தரைவரை மிதிக்கட்டும். பம்பின் லீவர் மேக்ஸிமம் ஸ்டொப் ஸ்குரூவில் போய் முட்டுகிறதா? கேபிள் இழுபட்டு நீண்டிருந்தால் முட்டாது; எஞ்சினுக்கு முழு அக்சிலரேட்டர் கிடைக்காமலே ஓடிக்கொண்டிருப்பீர்கள். கேபிள் நட்டைச் சரிசெய்தால் முடிந்தது. இந்த வானிலும் லீவர் முட்டவில்லை. கடுகண்ணாவைப் பிரச்சினையில் பெரிய பங்கு இதுவே. அந்தக் கராஜில் அதைத் தொட்டே பார்க்கவில்லை என்பதுதான் ஆத்திரம்.

அடுத்தது, கொஞ்சத் தூரம் ஓடி நிறுத்தி நாலு ரிம்மின் நடுவிலும் கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. எயார் கிளீனரைப் பாருங்கள். டீசல் பில்டரின் அடி நட்டைத் தளர்த்தி, மேலே உள்ள கைப்பம்பை அமத்தித் தண்ணீரை வெளியே எடுங்கள். பில்டர் பழையதென்றால் மாற்றுங்கள். பில்டருக்கும் பம்புக்கும் இடையில் உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் போட்டு எஞ்சினை ஓடவிட்டால், குமிழி ஓடுவது தெரியும். குமிழி வந்தால் டாங்கியிலிருந்து வரும் ஏதோ ஒரு ஹோஸ் காற்றை இழுக்கிறது.

இவை சரியென்றால் கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். எஞ்சினைச் சூடேற்றி ஸ்டார்ட் பண்ண உதவும் குளோ பிளக் நாலையும் கழற்றி, டீசலை நிறுத்துவதற்குப் பம்பின் ஃபியூவல் கட் சொலனொயிட் வயரை எடுத்துவிட்டு, டீசல் கேஜால் பார்க்க வேண்டும்; பெற்றோல் கேஜ் தாங்காது. 2எல், 3எல் எஞ்சின்களுக்கு நல்ல அளவு சதுர சென்டிமீற்றருக்கு 32 கிலோ, ஆகக் குறைந்தது 20 கிலோ. சிலிண்டர்களுக்கிடையில் 5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கம்பிரஷன் இல்லாத எஞ்சினுக்குப் பம்ப் வேலை செய்யச் சொல்பவர் உங்கள் காசைத்தான் பார்க்கிறார்.

கம்பிரஷன் நன்றென்றால் டீசலைத் தெளிக்கும் நோசில் நாலையும் டெஸ்டரில் போட்டு, தெளிக்கிறதா ஒழுகுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். திரும்பப் பூட்டும்போது அடி வாஷர்கள் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும். பழையதைப் போட்டால் கேஸ் கசியும். பம்ப் டைமிங்கை டயல் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும், காதால் அல்ல.

இவ்வளவும் செய்தும் போதாவிட்டால் 2779 சிசி 3எல், அல்லது 2986 சிசி 5எல் எஞ்சினுக்கு மாறுவது நேர்மையான வழி. பழைய பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்குவதென்றாலும் கம்பிரஷன் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். புது எஞ்சின் நம்பரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்யுங்கள். புத்தகத்தில் நம்பர் பொருந்தாத வானை நாளைக்கு விற்பது கஷ்டம். பழைய டர்போவை வாங்கி 2எல்லில் பூட்டுவது பற்றிக் கேட்கிறார்கள். கம்பனி டர்போ எஞ்சினில் கம்பிரஷன் விகிதம் குறைவு, பம்பும் வேறு. டர்போவை மட்டும் மாட்டினால் இதே ஹெட்தான் மறுபடி வெடிக்கும்.

ஸ்குரூவை முடுக்கிய வான் புகைப் பரிசோதனையில் தேறாது. நின்ற இடத்தில் முழு அக்சிலரேட்டர் கொடுத்துத்தான் டீசல் புகையை அளக்கிறார்கள். “டெஸ்ட் நாளில் குறைத்துத் தருகிறோம்” என்று கராஜில் சொன்னால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில்லையும் கழற்றிய பார்ட்களையும் வைத்திருங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைத்து முறையிடலாம். ஸ்குரூவைக் கண்மட்டத்தில் திருப்பிவைக்க முயல வேண்டாம், பழைய இடம் எதுவென்று யாருக்கும் தெரியாது. பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டு, நாலு லைனிலும் டீசல் அளவைக் கம்பனி அளவுக்குக் கொண்டுவந்து, அந்த அளவுகளை பில்லில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் கண்முன்னால் புதுச் சீல் அடித்த பிறகே பம்பை வானில் பூட்டவிடுங்கள்.