டபிள்யூ, யூ, இஸட்

அமெரிக்க வரலாற்றுக்கான ஒரு கட்டணத் தளம் ஆண்டுச் சந்தாவைக் குறைத்திருக்கிறதாம், கட்டலாமா என்று நண்பர் கேட்டார். நான் இரண்டு வருடமாகப் பைசா செலவில்லாமல் படிப்பது, அமெரிக்காவின் தேசிய நூலகம் போன்ற லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் தளத்தில் இருக்கும், அடிமைகளாக இருந்த கறுப்பர்களின் நேர்காணல்கள். 1936 முதல் 1938 வரை, வேலையில்லாத எழுத்தாளர்களுக்கு அரசு கொடுத்த வேலை அது. 2,300-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள், சுமார் 500 புகைப்படங்கள்.

எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். பேசியவர்களின் கொச்சையை அப்படியே தருவதாக நினைத்துக்கொண்டு எழுத்துகளைக் கண்டபடி சிதைத்திருக்கிறார்கள். 'வாஸ்' (was) என்ற சாதாரண ஆங்கிலச் சொல்லை டபிள்யூ, யூ, இஸட் என்று அடித்திருப்பார்கள். ஐயா, வெள்ளைக்காரரும் அதை அப்படித்தானே உச்சரிக்கிறார்! பேசியவர் படிக்காதவர் என்று காட்டுவதைத் தவிர அந்த இஸட்டுக்கு ஒரு வேலையும் இல்லை. கேட்டு எழுதியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். நான் ஒவ்வொரு பக்கத்தையும் வாய்விட்டுப் படித்தால்தான் புரிகிறது. பேருந்தில் அது முடியுமா?

ஆனால் தென் கரோலினா மாநிலத்து நேர்காணல் தொகுப்பில் சார்ல்ஸ்டன் நகரத்துச் சூசன் என்ற மூதாட்டி இரண்டு முறை வருகிறார், ஒரு முறை ஹாம்லின், இன்னொரு முறை ஹாமில்டன் என்ற பெயரில். வெள்ளைப் பெண்மணி ஒருவர் போய்க் கேட்டபோது எஜமானர் தங்கமானவர். கறுப்பர் ஒருவர் போய்க் கேட்டபோது சவுக்கடி, பிள்ளையைப் பிரித்து விற்றது, விடிய விடியக் கேட்ட அழுகை. அதே வாய்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு முன் படித்த 'நல்ல எஜமானர்'களையெல்லாம் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் அதே தளத்தில் தனியாக ஒலிப்பதிவுகளும் உண்டு. 1949-இல் பால்டிமோரில் பதிவான முன்னாள் அடிமை ஃபவுண்டன் ஹியூஸ், தனக்கு 101 வயது என்கிறார். அடிமைக் கதை கேட்கப் போனவரிடம், கையில் காசு வருமுன் செலவு செய்யாதே, கடனுக்கு வாங்காதே என்று நெடுநேரம் புத்தி சொல்கிறார். அந்தக் குரலில் இஸட் தொல்லையே இல்லை.

சரி, சந்தா? கட்டிவிடுங்கள். நானும் கட்டப்போகிறேன். ஒழுங்கான எழுத்துக்கூட்டலில் எதையாவது படித்து ரொம்ப நாளாகிறது.