எண்ணெய் பூசாத நந்தி: லேபாட்சியா, மைசூரா, பெங்களூரா?

ஓசூரில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்திகள் மூன்று, காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும் தூரத்தில் இருக்கின்றன. பெங்களூரு பசவனகுடியில் ஒன்று, மைசூரு சாமுண்டி மலையில் ஒன்று, ஆந்திராவில் இந்துப்பூருக்குப் பக்கத்து லேபாட்சியில் ஒன்று.

அம்மாவுக்கு 68 வயது முடிந்த அன்று எங்கே போகலாம் என்று கேட்டேன். "பெரிய நந்தியா ஏதாவது பார்க்கணும்டா" என்றார். அம்மா பிறந்து வளர்ந்தது தஞ்சாவூரில். பிரதோஷம் தவறாமல் பெரிய கோயிலுக்குப் போன குடும்பம். எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும் முதலில் நந்தியைப் பார்ப்பார், பார்த்ததும் தஞ்சாவூர் நந்தியோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வார். இந்த மூன்றில் எதற்குக் கூட்டிப்போவது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு லேபாட்சிக்குப் போனோம். மற்ற இரண்டையும் நான் முன்பே பார்த்திருக்கிறேன். பெங்களூரு நந்தியைப் பல முறை, மைசூரு நந்தியை ஒரே ஒரு முறை. அந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அளவை முதலில் முடித்துவிடலாம். பெங்களூரு நந்தி சுமார் 15 அடி உயரம், 20 அடி நீளம். மைசூரு நந்தி 16 அடி உயரம், 25 அடி நீளம். லேபாட்சி நந்தி 15 அடி உயரம், 27 அடி நீளம். தஞ்சாவூர் நந்தி 12 அடி உயரம், ஏறக்குறைய 20 அடி நீளம். எது பெரியது என்று ஊருக்கு ஊர் பெருமை பேசுவார்கள். நேரில் நிற்கும்போது இந்த ஒன்றிரண்டு அடி கண்ணுக்குத் தெரிவதே இல்லை. சொல்லப்போனால், மூன்றில் நீளம் குறைந்த பெங்களூரு நந்திதான் பார்க்க ஆகப் பெரியதாகத் தோன்றும். அது அறைக்குள் இருக்கிறது. சுவரும் கூரையும் நெருக்கி நிற்க, நடுவில் அத்தனை பெரிய உடம்பு படுத்திருப்பதைப் பார்த்தால் உள்ளே எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று திகைப்பு வரும். லேபாட்சியில் நேர் எதிர். வெட்டவெளி, சுற்றிலும் பாறைக் குன்றுகள். சாலையிலிருந்து பார்க்கும்போது "இவ்வளவுதானா" என்றுதான் அம்மா கேட்டார். பக்கத்தில் போய் அதன் முழங்காலுக்கு நேரே நின்ற பிறகுதான் பேச்சை நிறுத்தினார்.

தூரத்தைப் பார்த்தால் பெங்களூருக்குத்தான் முதலிடம். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர், நகர நெரிசல் தனிக் கணக்கு. பெங்களூரு நகரை நிறுவிய கெம்பே கவுடா 1537இல் கட்டியதாகச் சொல்லப்படும் கோயில். இங்கே நந்தி வாயிலில் காவல் இருக்கவில்லை, அதுவே மூலவர். தினமும் கடலைக் கொல்லையை மேய்ந்த காளையை ஒரு விவசாயி கம்பால் அடிக்க, அது அப்படியே கல்லாகிவிட்டதாம். கல்லான பிறகும் வளர்ந்துகொண்டே போனதால் தலையில் ஆணி அடித்து நிறுத்தினார்கள் என்பது கதை. இதைக் கேட்டதும் அம்மா சிரித்துவிட்டார், ஏனென்றால் தஞ்சாவூர் நந்திக்கும் இதே வளர்ந்த கதையும் ஆணிக் கதையும் உண்டு. கன்னட நாட்காட்டியின் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமையில் அங்கே கடலைக்காய்த் திருவிழா நடக்கும். தெரு முழுக்கக் குவியல் குவியலாக நிலக்கடலை. அந்த ஒரு நாளுக்காகவே போகலாம். பக்கத்திலேயே பெரிய பிள்ளையார் கோயிலும் இருக்கிறது. அரை நாளில் எல்லாம் முடிந்துவிடும்.

மைசூருக்குப் போனால் அரண்மனை, மலைமேல் சாமுண்டீஸ்வரி என்று ஒரு நாள் நிறைந்துவிடும். நந்தி 17ஆம் நூற்றாண்டில் மைசூரு மன்னர் தொட்ட தேவராஜ உடையார் காலத்தது. மலைக்கு ஆயிரம் படிகள், நந்தி இருப்பது சுமார் எழுநூறாவது படியில். முட்டி வலிக்காரர்கள் பயப்பட வேண்டாம், அதன் பக்கத்துக்கே வண்டி போகச் சாலை இருக்கிறது. நான் போன அன்று காலையில் பனி மூட்டம். பத்தடி தள்ளி நின்றால் ஒரு கறுப்பு நிழல், கழுத்தில் மஞ்சள் மாலை, அவ்வளவுதான் தெரிந்தது. அது ஒரு தனி அழகு, மறுக்கவில்லை. ஆனால் மைசூரு நந்தியின் வேலைப்பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நான் அதைப் பார்க்கவில்லை.

இப்போது என்னை லேபாட்சி பக்கம் சாய்த்த விஷயத்துக்கு வருகிறேன். அது எண்ணெய்.

பெங்களூரு நந்தியும் மைசூரு நந்தியும் கறுப்பாக இருக்கின்றன. கருங்கல்தானே, அப்படித்தான் இருக்கும் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அது கல்லின் நிறம் இல்லை. அடியில் இருப்பது சாம்பல் நிறக் கல். காலங்காலமாகக் கரியும் எண்ணெயும் பூசிப் பூசி ஏறிய நிறம் அது. பூசுவதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வழிபாட்டில் இருக்கும் மூர்த்திக்கு எண்ணெய்க் காப்பு உபசாரம். கல்லுக்கும் அது ஒரு காவல் என்பார்கள் பெரியவர்கள். ஆனால் பார்க்கப் போகிறவனுக்கு அதில் ஓர் இழப்பு உண்டு. எண்ணெய் ஏறிய கல் பளபளக்கும். பளபளக்கும் பரப்பில் கண்ணுக்கு முதலில் தெரிவது விளக்கு வெளிச்சத்தின் பிரதிபலிப்பு, கல்லின் வளைவு இல்லை. உளி கீறிய மெல்லிய கோடுகள், மணிச் சரத்தின் முடிச்சு, காதின் உட்குழிவு எல்லாம் அந்தப் பூச்சுக்குள் மெதுவாக மூழ்கிவிடுகின்றன. பசவனகுடியில் பத்து முறைக்கு மேல் நின்றிருக்கிறேன். நந்தியின் முகம் நினைவில் இருக்கிறது, முதுகில் என்ன செதுக்கியிருக்கிறது என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பின்பக்கம் சுற்றி வரலாம்தான், ஆனால் விலகி நின்று பார்க்க இடமும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

லேபாட்சி நந்திக்குக் கூரை இல்லை, சுவர் இல்லை, அன்றாட எண்ணெய்க் காப்பும் இல்லை. தொல்லியல் துறையின் பராமரிப்பில், புல்வெளிக்கு நடுவே, கல்லின் சொந்த நிறத்திலேயே படுத்திருக்கிறது. விஜயநகரப் பேரரசின் அச்சுத தேவராயர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், அந்த அரசின் அதிகாரிகளான விருபண்ணா, வீரண்ணா சகோதரர்கள் எழுப்பிய வீரபத்திரர் கோயிலைச் சேர்ந்தது. கோயில் ஒரு குன்றின்மேல் இருக்க, நந்தி அங்கிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளித் தனியாக இருக்கிறது. கோயிலுக்குள் ஏழு தலை நாகம் குடைபிடிக்கும் பெரிய நாகலிங்கம் உண்டு. அதை நோக்கித்தான் இது தலையை நிமிர்த்திக்கொண்டிருக்கிறது என்பார்கள். தஞ்சாவூர் நந்தி நிதானமாக அசைபோடும் பெரிய மாடு என்றால், இது யாரோ கூப்பிட்ட குரல் கேட்டுத் தலை தூக்கிய இளங்காளை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு மணி. அது தவறான நேரம். உச்சி வெயிலில் கல் முழுவதும் ஒரே வெளுப்பு, எங்கேயும் நிழல் விழவில்லை, செதுக்கல் எல்லாம் தட்டையாகத் தெரிந்தது. அம்மாவுக்கு இரட்டை ஏமாற்றம். "ஒரு விளக்குகூட இல்லையேடா. மழையிலும் வெயிலிலும் இப்படியே போட்டுட்டாங்களே" என்று வருத்தப்பட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சரி, கோயிலைப் பார்ப்போம் என்று குன்றுக்குப் போனோம்.

கோயிலைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை. ஒன்று மட்டும்: எல்லோரும் தொங்கும் தூணுக்கு ஓடி, அதன் அடியில் துண்டை விட்டு இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தலையைத் தூக்கி மண்டபத்தின் விதானத்தைப் பாருங்கள். விஜயநகர காலத்து ஓவியங்கள் அத்தனை நெருக்கமாகப் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் குறைவு. அந்தச் சேலைக் கரைகளை அம்மா ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.

நாலரை மணிக்குத் திரும்ப நந்தியிடம் வந்தோம். அதே கல்தானா என்று இருந்தது. சாய்ந்த வெயில் விழுந்ததும் கழுத்து மணிச் சரத்தில் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனி நிழல். கழுத்தின் கீழே தொங்கும் அலைதாடியின் மடிப்புகள் தோல் மடிப்பு மாதிரியே அடுக்கடுக்காக இறங்குகின்றன. திமிலைச் சுற்றிப் போகும் பட்டை ஓர் இடத்தில் உடம்பை லேசாக அழுத்தி, அந்த அழுத்தத்தில் சதை கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது. கல்லில் சதை பிதுங்குமா? பிதுங்கியிருக்கிறது. மடக்கிய காலின் குளம்பு வரைக்கும் கவனித்துச் செய்திருக்கிறார்கள். அம்மா இரண்டு முறை சுற்றி வந்தார். மூன்றாவது சுற்றில் நின்று, "நம்ம ஊர் நந்திக்கும் கழுத்துல இப்படித்தான் மணி இருக்குமோ? இத்தனை வருஷம் பார்த்தும் கவனிச்சதே இல்லையே" என்றார்.

எனக்கு இந்த ஒப்பீட்டில் மிச்சமிருந்த சந்தேகமும் அங்கே போய்விட்டது. நந்தியைச் சிற்பமாகப் பார்க்க வேண்டும் என்றால் லேபாட்சி. கும்பிட வேண்டும், தீபாராதனை வேண்டும், பூவும் விபூதியும் வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்றால் லேபாட்சி நந்தி உங்களுக்குக் குறையாகத்தான் படும், பெங்களூருக்கோ மைசூருக்கோ போங்கள். அம்மாவே வீட்டுக்கு வந்ததும், "அழகு இதுதான். ஆனா சாமி கும்பிட்ட மாதிரி இல்லை" என்று சொன்னார். இரண்டும் உண்மை. ஒன்றுக்காக இன்னொன்றைக் கைவிட அவருக்கு மனமில்லை, எனக்கும் இல்லை. அப்படியிருந்தும் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்று யாராவது கேட்டால் லேபாட்சி என்றுதான் சொல்வேன். வழிபாட்டில் இருக்கும் நந்தி ஊருக்கு ஊர் இருக்கிறது. இத்தனை பெரிய நந்தியைக் கல்லின் நிறத்தோடு, நாலா பக்கமும் விலகியும் நெருங்கியும் நின்று, பகல் வெளிச்சத்தில் பார்க்க இந்த மூன்றில் அங்கேதான் முடியும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பெங்களூரிலிருந்து ஐதராபாத் நெடுஞ்சாலையில் போய் இடதுபுறம் பிரிய வேண்டும். பெங்களூரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், ஓசூரிலிருந்து எங்களுக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், இல்லாவிட்டால் எங்களைப் போல மாலை வரை காத்திருங்கள். நடுப்பகலில் மட்டும் நந்தியிடம் போகாதீர்கள். ஒதுங்கக் கூரை கிடையாது, குடை அவசியம். மழைக்காலத்தில் நான் போனதில்லை. நனைந்த கல் அடர்ந்த நிறத்தில் வேறு மாதிரி இருக்கும் என்று தோன்றுகிறது, பார்த்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

மைசூரு நந்திக்கு ஒரு கடன் பாக்கி வைத்திருக்கிறேன். கார்த்திகை மாதத்தில் அதற்கு ஆண்டுதோறும் மகாபிஷேகம் நடக்கிறது. பாலும் மஞ்சளும் சந்தனமும் அந்தக் கறுப்பு உடம்பில் மேலிருந்து வழிவதைப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். வெள்ளைப் பால் கோடுகளில் தங்கி இறங்கும்போது செதுக்கல் தெரியும் என்று நினைக்கிறேன். அப்படித் தெரிந்தால் மேலே எண்ணெயைப் பற்றி எழுதியதில் பாதியை நான் திருத்த வேண்டியிருக்கும். அம்மா இப்போதே காலண்டரில் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளை வட்டமிட்டு வைத்துவிட்டார்.