விற்றவர் சொன்னதும் எஞ்சினுக்குள் இருந்ததும்: ஒரு பட்டறையின் அடையாளப் பரிசோதனை

டெட்ராய்ட்டுக்கு வடக்கே உள்ள இந்த எஞ்சின் பட்டறை, பழைய எஞ்சினை முழுவதும் பிரித்து, உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்பும் எந்த ஆண்டினது, என்ன அளவினது, எதனால் ஆனது என்று எழுதிக் கொடுப்பதை ஒரு தனிச் சேவையாகவே செய்கிறது. என் 1969 செவ்ரோலே கமேரோவின் எஞ்சினை இங்கே கொடுத்து, நான்கு வாரம் கழித்துப் பதினோரு பக்க அறிக்கையோடு திரும்பப் பெற்றேன். மிச்சிகனில் வாகனத் துறையில் வேலை பார்க்கும் நம்மவர்களில் சிலருக்குப் பழைய அமெரிக்க கார் வாங்கும் ஆசை இருப்பதை அறிவேன். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காரை விற்றவர், எஞ்சின் அண்மையில் ரீபில்ட் செய்யப்பட்டது, அதாவது பிரித்துப் புதுப்பிக்கப்பட்டது என்றார். காரோடு பிறந்த 350 கன அங்குல பிளாக் (எஞ்சினின் உடல்) என்றும், அது 383 கன அங்குலமாகப் பெரிதாக்கப்பட்டிருக்கிறது என்றும், கிராங்க்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பிஸ்டன்களும் ஃபோர்ஜ் செய்தவை, அதாவது வார்க்காமல் அடித்து உருவாக்கியவை என்றும், கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இசட் 28 கமேரோவின் 302 எஞ்சினில் வந்த ‘முப்பது-முப்பது’ கேம் என்றும் சொன்னார். ரசீது ஒன்றுகூட இல்லை. கார்புரேட்டர், இக்னிஷன் டைமிங், பெட்ரோலின் ஆக்டேன், எத்தனை ஆர்பிஎம் வரை ஓட்டலாம் என்பவை எல்லாம் உள்ளே இருக்கும் உறுப்புகளைப் பொறுத்தவை என்பதால், வாய்ச்சொல்லை நம்பி ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

பிரிப்பதற்கு முன்பே பட்டறை உரிமையாளர் முதல் சந்தேகத்தை எழுப்பினார். 383 என்பது வழக்கமாக, சிலிண்டர் துளையை 30 தௌ பெரிதாக்கிய 350 பிளாக்கில், 400 எஞ்சினின் 3.75 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட கிராங்கைப் போட்டுச் செய்வது. (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; நம் ஊர் லேத் பட்டறைகளிலும் இதே சொல்தான்.) அந்தக் கிராங்குக்கு முன்பக்க டாம்பர், பின்பக்க ஃபிளைவீல் என்ற இரு முனைச் சக்கரங்களிலும் கூடுதல் எடை வைத்துத்தான் சமன் செய்வார்கள். என் எஞ்சினில் இரண்டிலும் எடை இல்லை. ஆனால் உள்ளேயே சமன் செய்த, ஸ்ட்ரோக்கைக் கூட்டும் கிராங்குகளும் கிடைக்கின்றன என்பதால், இதை அவர் சான்றாக எழுதாமல் ‘சந்தேகம்’ என்று மட்டும் குறித்தார். இவர் மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது அப்போதுதான்.

பிளாக்கின் பின்புறம், ஓட்டுநர் பக்க விளிம்பில் 3970010 என்ற வார்ப்பு எண் இருந்தது. 1969 முதல் எழுபதுகள் முழுவதும் ஏராளமாக வார்க்கப்பட்ட பிளாக் அது. எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. மறுபக்க விளிம்பில் இருந்த வார்ப்புத் தேதிதான் கதையை மாற்றியது: ‘சி 14 0’. சி மூன்றாம் எழுத்து, ஆகவே மார்ச், 14 தேதி, 0 ஆண்டின் கடைசி இலக்கம். 1969 மாடல் கமேரோவின் உற்பத்தி அந்த ஆண்டு நவம்பரோடு நின்றுவிட்டது. என் கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறிப் பல மாதங்கள் ஆன பிறகே இந்த பிளாக் வார்க்கப்பட்டிருக்கிறது.

அடுத்து, வலப்பக்க ஹெட்டுக்கு (சிலிண்டர்களின் மேல்மூடி) முன்னால், பிளாக்கின் மேல்முகத்தின் தொடர்ச்சியாக, எஞ்சின் எண் அடிக்கப்படும் சிறிய சமதளத்தைத் துணியால் துடைத்து, டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினார். சீவிய தேங்காய் நார் போல, முன்பின்னாக ஓடும் நுண்ணிய கோடுகள் தெரிந்தன. தொழிற்சாலையில் அந்த முகத்தைச் செதுக்கிய கருவி விட்டுச் சென்ற தடங்கள் அவை. பிளாக்கின் மேல்முகத்தைப் பின்னால் யாராவது கடைந்திருந்தாலும், எண்ணை அழித்து வேறு எண் அடித்திருந்தாலும் அவை மறைந்திருக்கும். மறையவில்லை. ‘வி’ என்று தொடங்கிய முத்திரை, எஞ்சின் ஃபிளின்ட் நகரத்து ஆலையில் பூட்டப்பட்டது என்று சொன்னது. பக்கத்தில் இருந்ததோ வேறொரு 1970 மாடல் செவ்ரோலேவின் வரிசை எண். முத்திரை நேர்மையானதுதான், ஆனால் அது என் காருடையது அல்ல.

உள்ளே போனதும் மற்றவை விரைவாகத் தெளிந்தன. பிஸ்டன் தலையில் இருந்த கரியை நீக்கியதும் ‘30’ என்ற எண் தெரிந்தது. போர், அதாவது சிலிண்டர் துளையின் அளவு 4.030 அங்குலம். ஸ்ட்ரோக் 3.48 அங்குலம், அதாவது 350-க்கு உரிய அளவே. கணக்குப் போட்டால் 355 கன அங்குலம் வருகிறது, 383 அல்ல. கிராங்கின் கைகளில் ஓடிய இணைப்புக் கோடு கத்தி முனை போல மெல்லியதாக இருந்தது. ஃபோர்ஜ் செய்த கிராங்கில் அது விரல் அகலப் பட்டையாகத் தெரியும். இது வார்ப்புக் கிராங்க். தெருவில் ஓடும் காருக்கு அதில் குறை எதுவும் இல்லை. பேரிங் ஓடுகளின் முதுகில் ‘010’ என்று இருந்ததால், ஜர்னல்கள் (கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதிகள்) 10 தௌ கடையப்பட்டவை என்பதை மைக்ரோமீட்டரை எடுக்கும் முன்பே அறிய முடிந்தது.

பிஸ்டன்களும் வார்ப்பு வகையே. மேல் நிலையில் பிஸ்டன் பிளாக்கின் விளிம்புக்கு 45 தௌ கீழே நின்றது. ஆலையின் அளவு ஏறத்தாழ 25 தௌ. மேல்முகம் கடையப்படவில்லை என்று அந்த நுண்கோடுகள் ஏற்கெனவே உறுதி சொல்லிவிட்டதால், 20 தௌ வேறுபாடு முழுவதும் பிஸ்டனின் உயரக் குறைவிலிருந்து வந்தது என்று அவர் விளக்கினார். ரீபில்டுக்கென்று விற்கப்படும் மலிவான பிஸ்டன்களில் இது வழக்கம். ஹெட்டின் எரிஅறையை ப்யூரெட்டால் நிரப்பி அளந்ததில் 64 சிசி. கேஸ்கெட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் கம்ப்ரெஷன் (சிலிண்டரில் எரிகலவை அழுத்தப்படும் விகிதம்) 9.4-க்கு 1. இந்த ஓர் எண்ணுக்காகவே கட்டணத்தைக் கொடுத்திருப்பேன்.

கேமின் முனையில் படிக்கத்தக்க குறி இல்லை. டயல் கேஜ் வைத்து அளந்தபோது கேம் முகட்டின் உயர்வு உள்வால்வுக்கு 0.260, வெளிவால்வுக்கு 0.273 அங்குலம், வால்வை அழுத்தும் ராக்கர் கையின் 1.5 விகிதத்தால் பெருக்கினால் 0.390, 0.410. 300 குதிரைத்திறன் கொண்ட 350 எஞ்சினில் ஆலையே போட்ட சாதுவான கேமின் அளவு அது. முப்பது-முப்பது கேம் என்றால் 0.485 வந்திருக்க வேண்டும். கேம் முகட்டின் மேல் அமர்ந்து அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் லிஃப்டர்களும் சாலிட் (திட) வகையாக இருந்திருக்க வேண்டும், இவையோ உள்ளே எண்ணெய் நிரம்பும் ஹைட்ராலிக் வகை. ஆனால் இதே அளவில் பல நிறுவனங்கள் கேம் செய்வதால், தயாரித்தவர் யார் என்ற கட்டத்தில் ‘தெரியாது’ என்றே எழுதியிருந்தார்.

நல்ல செய்தியும் உண்டு. ஹெட்டுகள் 3927186 எண் கொண்ட, முனையில் இரட்டைத் திமில் குறி உள்ள உண்மையான ஹெட்டுகள். வெளிவால்வு இருக்கைகளில், ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்ற கடின வளையங்கள் பதிக்கப்பட்டிருந்தன. முன்பு ரீபில்ட் செய்தவர் அந்த வேலையை அக்கறையோடு செய்திருக்கிறார்.

குறை இரண்டு. மூன்று வாரம் என்று சொன்னது நான்கு வாரமானதை முன்கூட்டியே தெரிவிக்கவில்லை, அது சிறியது. பிஸ்டன், ராட், பேரிங் மூடிகள் அனைத்துக்கும் எண்ணிட்ட சீட்டு கட்டியவர்கள், பதினாறு லிஃப்டர்களையும் ஒரே பையில் கொட்டித் தந்தது பெரிய பிழை. ஒவ்வொரு லிஃப்டரும் தனக்குரிய கேம் முகட்டோடு உரசிப் பழகியது. இடம் மாறினால் இரண்டும் தேய்ந்து போகும். நல்ல நிலையில் இருந்த கேமையும் லிஃப்டர்களையும் இதனால் புதிதாக வாங்க நேர்ந்தது. சுட்டிக்காட்டியதும் தயங்காமல் ஒப்புக்கொண்டு, 650 டாலர் கட்டணத்தில் 150 டாலரைக் குறைத்தார்கள். எஞ்சினைப் பூட்டும் வேலையையும் இவர்களிடமே கொடுத்திருக்கிறேன். நீங்கள் கொடுப்பதானால், லிஃப்டர்களை 1 முதல் 16 வரை எண்ணிட்ட தட்டில் வைத்துத் தர வேண்டும் என்று வேலைத்தாளிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.